தண்ணீர் கேட்டு வந்த சிறுபட்டி

நுழையும் முன்

ஓயாமல் வம்பு செய்யும் ஒருவன். அவனைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒருத்தி. இருவரும் ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள். ஒருநாள் அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அன்று அவள் கூறிய ஒரு பொய் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கூறும் கலித்தொகைப் பாடலை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

1. ஒரு சொல்லும் இரு பொருளும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாட்டுப்பட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த ஊர் அது. அங்குள்ள அணையும், 1963-இல் இந்திய – சுவிட்சர்லாந்துக் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையும் அவ்வூரின் அடையாளங்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தோட்டங்கள் உருவானபோது, தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்து அவற்றில் உழைத்தவர்கள் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தமிழ் பேசி வாழ்கின்றனர்.

அவர்களுடைய குடியிருப்புக்கு ‘லயம்’ என்று பெயர். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள் அவை. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவராகும். ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் அடுத்த வீட்டுக்கும் சொந்தமாகும். சண்டையும் அப்படித்தான். அண்டை வீடு என்பதன் முழுப் பொருளையும் அறிய விரும்புவோருக்கு லயத்தைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

மாட்டுப்பட்டி என்னும் பெயரில் உள்ள ‘பட்டி’ என்பது ஆடுமாடுகளை அடைத்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல். மலையாளத்திலோ ‘பட்டி’ என்றால் நாய். எனவே, தமிழ்நாட்டில் ‘பட்டி’ என முடியும் ஊர்ப்பெயர்களைக் கேட்கும் மலையாளத் தோழர்கள் புன்னகை செய்தால் அதில் வியப்பில்லை.

தமிழிலேயே இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அடைப்புக்குள் நில்லாமல், பிறர் வயலில் புகுந்து மேய்ந்து திரியும் மாட்டைப் ‘பட்டிமாடு’ என்பர். அடைத்து வைக்கும் இடமும் பட்டி. அடங்காமல் திரிவதும் பட்டி. எதிரெதிரான இரு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு குடியிருக்கின்றன.

கட்டுக்கடங்காத சிறுவன் ஒருவனுக்குச் சங்கப் பாடல் ஒன்று ‘சிறுபட்டி’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. அப்பெயரைச் சூட்டியவள் அவன் தெருவில் விளையாடிய பெண்.

2. பாடலும் புலவரும்

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று கலித்தொகை. கலிப்பா என்னும் பாவகையால் அமைந்தமையால் இப்பெயர் பெற்றது. கடவுள் வாழ்த்துடன் சேர்த்து 150 பாடல்கள் கொண்டது. ஐந்து திணைகளையும் ஐந்து புலவர்கள் பாடினர் என்பது மரபு. பாலைக்கலியைப் பாடியவர் சேர மன்னர் மரபைச் சேர்ந்த பாலை பாடிய பெருங்கடுங்கோ. குறிஞ்சிக்கலியைப் பாடியவர் கபிலர்.

கபிலர் வள்ளல் பாரியின் நண்பர். சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தில் பாடியவர். பிரகதத்தன் என்னும் ஆரிய அரசனுக்குத் தமிழின் அகப்பொருள் நெறியை உணர்த்துவதற்காகக் குறிஞ்சிப்பாட்டை இயற்றினார் என்றும் கூறுவர். அதில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறியுள்ளார். வேற்று மொழியாளர் ஒருவருக்குத் தமிழ் கற்பிக்க மலையையும் மலரையும் காதலையும் தேர்ந்துகொண்ட ஆசிரியர் அவர்.

கலித்தொகையின் 51-ஆம் பாடல் குறிஞ்சிக்கலியைச் சேர்ந்தது. முழுப் பாடலும் ஒரே ஒருத்தியின் பேச்சு. தலைவி தன் தோழியை அருகில் அழைத்து, நடந்ததைக் கூறுகிறாள். இப்பாடலில் எவருக்கும் பெயர் இல்லை. அகப்பாடல்களில் காதலரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் இல்லாமையால், படிப்பவர் தம் தெருவில் உள்ள எவரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

3. நடந்தது என்ன?

அவர்கள் சிறுமியராக இருந்த காலம். தெருவில் மணலைக் குவித்துச் சிறுவீடு கட்டி விளையாடுவது அவர்களுக்கு வழக்கம். அறை வகுத்து, சுவர் எழுப்பி, வாசல் வைத்து முடிக்கும் வேளையில் எங்கிருந்தோ அவன் வருவான். ஒரே உதை. வீடு மீண்டும் மணலாகும்.

அத்துடன் நின்றானா? கூந்தலில் சூடியிருந்த மாலையைப் பிடித்து இழுத்து அறுப்பான். வரிகள் அமைந்த அழகிய பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவான். அவள் கட்டுவாள், அவன் இடிப்பான். அவள் தொடுப்பாள், அவன் அறுப்பான். ஒழுங்கே உருவான அவளுக்கும் குறும்பே உருவான அவனுக்கும் எதில்தான் பொருத்தம்? ‘சிறுபட்டி’ என்று அவள் அவனைக் கூறியதில் கோபம் நிறைந்திருந்தது. தோழியும் அந்தத் துன்பத்தைப் பங்கிட்டுக்கொண்டவளே. ஆகையால், அவன் யார் என்று தோழிக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆண்டுகள் உருண்டன. ஒருநாள் அவளும் அன்னையும் வீட்டில் இருந்தனர். வாசலில் ஒரு குரல் கேட்டது. வீட்டில் உள்ளோரை அழைத்து, பருகுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டது அக்குரல். தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் தருவது தமிழர் இல்லங்களில் விருப்பத்தைப் பொறுத்த செயல் அன்று, கடமை. அன்னை சிறிதும் தயங்கவில்லை. பொன்னால் ஆகிய நீர்க்கலத்தில் தண்ணீர் எடுத்துச் சென்று கொடுக்குமாறு மகளை ஏவினாள்.

வந்திருப்பவன் யார் என்று அறியாமல் மகளும் கலத்தோடு சென்றாள். நின்றவன் அவனே! அன்று மணல்வீட்டை உதைத்தவன் இன்று உண்மையான வீட்டின் வாசலில் பணிவோடு நின்றிருந்தான். பணிவு நெடுநேரம் நீடிக்கவில்லை. தண்ணீர் கொடுக்க நீட்டிய அவளது வளையல் அணிந்த கையைப் பற்றிக்கொண்டான்.

அவள் திடுக்கிட்டாள். இவன் செய்ததைப் பார்க்குமாறு அன்னையை நோக்கிக் கூவினாள். அன்னை அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

இத்தனை ஆண்டுகளாக அவன் மீது அவள் சேர்த்து வைத்திருந்த குற்றப்பட்டியல் மிக நீண்டது. இப்போது நீதி வழங்க அன்னையே நேரில் வந்து நிற்கிறாள். குற்றவாளி தப்பி ஓடவும் இல்லை. இதைவிட நல்ல வாய்ப்பு இனி வாய்க்காது.

அவள் கூறியது இதுதான்: தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது!

அன்னை நம்பினாள். பதற்றம் பரிவாக மாறியது. பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடப் போகிறதே என்று அவன் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தாள். தண்டனை பெற வேண்டியவனுக்குக் கிடைத்ததோ அன்னையின் தடவல். அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான்? அன்னைக்குத் தெரியாமல், கடைக்கண்ணால் கொல்வதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்போடு பாடல் முடிகிறது. முடிவில் அவனைக் ‘கள்வன் மகன்’ என்று வைகிறாள் தலைவி. முன்பு பந்தைத் திருடியவனுக்கு இட வேண்டிய பெயர் இப்போதுதான் வாயில் வந்திருக்கிறது. இம்முறை அவன் திருடியது எது என்பதைத் தோழி கேட்கவில்லை, அவளும் கூறவில்லை.

4. அவள் ஏன் பொய் கூறினாள்?

பாடலின் உயிர் அந்த ஒரு பொய்யில் உள்ளது. வேண்டாதவன் என்றால் அவள் அவனைக் காட்டிக் கொடுத்திருப்பாள். விரும்பியவன் என்றால் முதலில் கூவியிருக்கவே மாட்டாள். கூவியதற்கும் பொய் கூறியதற்கும் இடையில் ஓரிரு நொடிகளே இருந்தன. அன்னை உள்ளிருந்து வாசலுக்கு ஓடி வரும் நேரம் அது. அந்த நேரத்திற்குள் அவள் தன் மனத்தைத் தானே முதன்முறையாகக் கண்டுகொண்டாள். ‘அவனை விரும்புகிறேன்’ என்று பாடலில் ஓரிடத்திலும் அவள் கூறவில்லை. விக்கல் கூறிவிட்டது.

அவள் உண்மையைக் கூறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அன்னையின் அலறல் தெருவை எட்டியிருக்கும். ஊர் கூடியிருக்கும். ஒருவரின் காதலைப் பற்றி ஊரார் பழிதூற்றிப் பேசுவதைச் சங்க இலக்கியம் ‘அலர்’ என்னும். அலர் எழுந்தால் வீட்டுக் காவல் கடுமையாகும். வெளியே செல்லவும் தடை வரும். ஒரு சொல்லில் அவனுடைய மானமும் அவளுடைய உரிமையும் தொங்கிக்கொண்டிருந்தன. விளையாட்டுப் போலத் தோன்றும் இப்பாடலில் இழப்பதற்கு நிறையவே இருந்தது.

இங்கு ஒன்றை மறவாது குறித்தல் வேண்டும். ஒருவரின் விருப்பம் அறியாமல் கையைப் பற்றுவது பிழை. அன்றும் பிழை, இன்றும் பிழை. பாடலும் அதனை மூடி மறைக்கவில்லை. அவள் திடுக்கிட்டதையும் கூவியதையும் வெளிப்படையாகக் கூறுகிறது. அந்த நொடியில் அவனைக் காப்பதா, காட்டிக் கொடுப்பதா என்னும் முடிவு முழுவதும் அவள் கையில் இருந்தது. வலிமை காட்ட வந்தவன் அவளுடைய ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றான்.

அன்னையிடம் கூறிய பொய் பொய்யாகவே நின்றுவிடுமா? அதற்கும் தமிழ் மரபில் வழி உண்டு. தலைவி தோழியிடம் உண்மையைக் கூறுவாள். தோழி செவிலியிடம் கூறுவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். இவ்வாறு காதலை உரியவர்க்கு முறையாக வெளிப்படுத்துவதை ‘அறத்தொடு நிற்றல்’ என்பர். தலைவி தோழியிடம் மனம் திறந்து பேசுவதே இப்பாடல். உண்மை வீட்டை நோக்கி எடுத்து வைக்கும் முதல் அடியாக இதனைக் கொள்ளலாம்.

5. நகை பிறக்கும் இடம்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை ‘மெய்ப்பாடு’ என்கிறது தொல்காப்பியம். மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது நகை. அது பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை அந்நூல் காட்டுகிறது. பிறரை எள்ளுவதால் நகை பிறக்கும், இளமையால் பிறக்கும், பேதைமையாலும் மடமையாலும் பிறக்கும்.

இப்பாடலில் நான்கையும் காணலாம். மணல்வீட்டை உதைத்த குறும்பில் இருப்பது இளமை. வந்தவன் யார் என்று பாராமலே நீர்க்கலத்தோடு சென்றதில் இருப்பது பேதைமை. கூறியதை அப்படியே நம்பி முதுகைத் தடவிய அன்னையிடம் இருப்பது மடமை. இறுதியில் அவன் சிரித்த சிரிப்பில் இருப்பது எள்ளல்.

எனினும், சிரிப்புக்கு இலக்கானவர்களில் எவரும் தாழ்ந்துபோகவில்லை. அன்னையின் பரிவைக் கண்டு சிரிக்கிறோம், அவளை இகழவில்லை. தாகம் என்றதும் பொற்கலத்தில் நீர் தரச் சொன்னவள் அவள். விக்கல் என்றதும் அயலான் என்று பாராமல் முதுகைத் தடவியவளும் அவளே. அவளுடைய அன்புதான் அந்தப் பொய்யைப் பலிக்கச் செய்தது.

சிறுமியர் கட்டும் மணல்வீட்டுக்குச் ‘சிற்றில்’ என்பது பெயர். அதனைச் சிறுவர் சிதைப்பது தமிழ் இலக்கியத்தில் நீண்ட மரபாகத் தொடர்ந்தது. ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் கண்ணனிடம் சிற்றிலைச் சிதைக்காதிருக்க வேண்டிப் பாடினார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்பது ஒரு பருவமாகவே அமைந்தது. தெருவில் ஒரு சிறுவன் உதைத்த உதை நூற்றாண்டுகளைக் கடந்து ஒலித்திருக்கிறது.

6. மலை இல்லாத குறிஞ்சி

குறிஞ்சி என்பது முதலில் ஒரு மலரின் பெயர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்று மலைகளில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அம்மலரின் பெயரே மலையும் மலை சார்ந்த இடமுமாகிய நிலத்துக்கு ஆயிற்று. பின்னர், அந்நிலத்துக்கு உரிய காதல் ஒழுக்கத்துக்கும் ஆயிற்று.

ஆனால், இப்பாடலைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு புலப்படும். இதில் மலை இல்லை. அருவி இல்லை. தினைப்புனம் இல்லை. கிளி ஓட்டும் பெண்கள் இல்லை. குறிஞ்சி மலரும் இல்லை. ஒரு தெரு, ஒரு வாசல், ஒரு கலம் தண்ணீர் – இவ்வளவே. ஆயினும் இது குறிஞ்சிப் பாடல். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றில் உரிப்பொருளே பாடலுக்கு உயிர். காதலர் மனம் ஒன்றுபடும் இடம் எதுவாயினும் அது குறிஞ்சியாகிவிடுகிறது. மாட்டுப்பட்டியின் லயத்து வாசலும் குறிஞ்சிதான். டில்லியின் அடுக்குமாடி வீட்டு வாசலும் குறிஞ்சியாகலாம்.

இப்பாடலை அச்சில் ஏற்றியவரும் பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்ந்தவரே. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்து, சென்னைக்கு வந்து பணியாற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887-இல் பதிப்பித்தார். சிறுபட்டியைக் காத்துத் தந்தவர் சிறுப்பிட்டிக்காரர் என்பது சுவையான தற்செயல்.

நிலத்தை விட்டு வந்தோர் மொழியையும் விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று. ஏடு செல்லும் இடமெல்லாம் அந்தத் தெருவும் உடன் செல்லும். அங்கே ஒருத்தி மணலில் வீடு கட்டிக்கொண்டிருப்பாள். ஒருவன் உதைக்க ஓடி வந்துகொண்டிருப்பான்.

சொற்பொருள்

சிற்றில் – சிறிய வீடு; மணலால் கட்டும் விளையாட்டு வீடு
பட்டி – ஆடுமாடு அடைக்கும் இடம், கட்டுக்கடங்காமல் திரிவது
அலர் – ஊரார் பழித்துப் பேசும் பேச்சு
செவிலி – வளர்ப்புத் தாய்
நற்றாய் – பெற்ற தாய்
நகை – சிரிப்பு
எள்ளல் – கேலி செய்தல்
உரிப்பொருள் – ஒரு திணைக்கு உரிய ஒழுக்கம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘பட்டி’ என்னும் சொல்லின் எதிரெதிரான இரு பொருள்கள் யாவை?
2. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியைப் பாடிய புலவர் யார்?
3. அகப்பாடலில் தலைமக்களின் பெயர் ஏன் கூறப்படுவதில்லை?
4. கலித்தொகையைப் பதிப்பித்தவர் யார்? எந்த ஆண்டில் பதிப்பித்தார்?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. அன்னையின் செயல்களில் விருந்தோம்பலும் பரிவும் எவ்வாறு வெளிப்படுகின்றன?
2. மலை இடம்பெறாத பாடல் எவ்வாறு குறிஞ்சிப் பாடல் ஆயிற்று?

இ. பிரித்து எழுதுக.
1. சிற்றில் 2. பொற்கலம் 3. நற்றாய் 4. மெய்ப்பாடு

ஈ. சிந்தித்து எழுதுக.
1. தலைவி அன்னையிடம் உண்மையைக் கூறியிருந்தால் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? பத்து வரிகளில் எழுதுக.
2. இந்நிகழ்ச்சியை அன்னையே தன் அண்டை வீட்டாரிடம் கூறுவதாகக் கற்பனை செய்து உரையாடல் வடிவில் எழுதுக. அன்னைக்கு உண்மை தெரியாது என்பதை நினைவில் கொள்க.

உ. செயல்திட்டம்
வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு, அவர்கள் சிறுவயதில் தெருவில் ஆடிய விளையாட்டுகள் ஐந்தின் பெயர்களையும் ஆடும் முறைகளையும் தொகுத்து எழுதுக. ‘பட்டி’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பத்தினைத் திரட்டி வகுப்பில் படித்துக் காட்டுக.